அப்பாவை உட்காரவைத்து ஒரு படம்: வீட்டு அறையில் ஒற்றை விளக்கு

எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தாவின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. உற்றுப் பார்த்தால் அவருடைய இடது தோளில் நான்கு விரல்கள் தெரியும். ஏதோ ஒரு கல்யாணத்தில் கூட்டமாக நின்று எடுத்த படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது அது. அந்த விரல்கள் யாருடையவை என்று இன்றைக்கு வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எண்பது வயதுவரை வாழ்ந்த மனிதருக்கு, அவருக்காக மட்டும் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அவர் போன அன்று பெட்டியைக் கிளறி, இருந்ததில் தெளிவானதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கடையில் முகத்தை நன்றாக வெளுக்கவைத்து, பின்னால் நீல வானத்தை ஒட்டித் தந்தார்கள். முகம் தாத்தாவுடையதுதான். நிறம் அவருடையது இல்லை.

அதனால் சொந்தமாகக் கேமரா வாங்கியதும் நான் முதலில் செய்ய நினைத்தது அப்பாவை ஒழுங்காக ஒரு படம் எடுப்பது. அப்பாவுக்கு நல்ல கருத்த நிறம். கண்ணாடி போடுவார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி தவிர வேறு உடுத்தமாட்டார். நெற்றியில் விபூதி உண்டு. விளக்கு வைத்துப் பழகுகிறவருக்கு இந்த நான்குமே சிக்கலான விஷயங்கள். அவற்றை ஒவ்வொன்றாகச் சமாளித்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டு அப்பாவோ பாட்டியோ சித்தப்பாவோ, யாரை உட்காரவைத்தாலும் இதே வழி பெரும்பாலும் பொருந்தும்.

தேவையான பொருள்கள்

கேமராவின் தலையில் மாட்டும் சாதாரண ஃபிளாஷ் ஒன்று போதும். ஆனால் அதைக் கேமராவில் மாட்டக் கூடாது. நேர் எதிரிலிருந்து வரும் வெளிச்சம் மூக்கு, கன்னம், தாடை எல்லாவற்றையும் ஒரே தட்டையாக்கிவிடும். ஃபிளாஷைத் தனியே ஒரு ஸ்டாண்டில் வைத்து, பக்கவாட்டிலிருந்து அடிக்க வேண்டும். நான் வைத்திருப்பது கோடாக்ஸ் டிடி600. நான்கு பென்சில் பேட்டரியில் ஓடும். ரேடியோ ரிசீவர் உள்ளேயே இருப்பதால், அதே நிறுவனத்தின் டிரிக்கர் (ரேடியோவில் சைகை அனுப்பும் சின்னக் கருவி) ஒன்றைக் கேமராவில் மாட்டினால் ஷட்டரை அழுத்தும்போது தானே அடிக்கும். எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதைக் கையால்தான் வைக்க வேண்டும். கற்றுக்கொள்கிறவருக்கு அதுவே நல்லது, ஏனென்றால் நாம் மாற்றாமல் அங்கே எதுவும் மாறாது.

ஃபிளாஷுக்கு முன்னால் 80 அல்லது 90 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸ் (முன்பக்கம் வெள்ளைத் துணி மூடிய, வெளிச்சத்தை மென்மையாக்கும் பெட்டி) ஒன்று. அது இல்லாவிட்டால் வெளிச்சம் ஊடுருவும் வெள்ளைக் குடை. அதோடு ஒரு ஸ்டாண்டு, வெள்ளைத் தெர்மோகோல் அட்டை, கறுப்புத் துணி, கறுப்புச் சார்ட் ஒன்று, துணி காயப்போடும் கிளிப்புகள் கொஞ்சம். இவ்வளவுதான்.

சாஃப்ட்பாக்ஸ் ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. உச்சி வெயிலில் நம் நிழலின் ஓரம் வெட்டினாற்போல இருக்கும். மேகம் மூடிய நாளில் நிழல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. சூரியன் மிகப் பெரியதுதான், ஆனால் நாம் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் ஒரு சின்ன வட்டம். மேகம் மூடினால் வானம் முழுவதுமே விளக்காகிவிடுகிறது. முகத்திலிருந்து பார்க்கும்போது விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, அவ்வளவு மென்மையாக நிழல் விழும். அதனால் 90 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸை முகத்திலிருந்து மூன்றடியில் வைத்தால் அது பெரிய விளக்கு. பத்தடி தள்ளி வைத்தால் அதே பெட்டி சின்ன விளக்கு. புதிதாகப் பழகுகிறவர்கள் பயந்துகொண்டு விளக்கைத் தூரத்தில் வைப்பார்கள். பயப்படாமல் பக்கத்தில் கொண்டுவாருங்கள். படத்தின் ஓரத்துக்குள் எட்டிப் பார்க்காத அளவுக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கலாம்.

ஃபிளாஷ் வாங்க இப்போது வசதியில்லை என்றால் ஜன்னல் இருக்கிறது. நேர் வெயில் விழுந்தால், துவைத்த வெள்ளை நாலு முழ வேட்டியை ஒற்றையாக ஜன்னலில் கட்டுங்கள். அருமையான சாஃப்ட்பாக்ஸ் அது. அதிகம் நீலம் போட்ட வேட்டியாக இருந்தால் முகத்திலும் நீலச் சாயல் ஏறும், அதைத் தவிர்த்துவிடுங்கள். வெளிநாட்டுப் புத்தகங்களில் வடக்குப் பார்த்த ஜன்னலில் எப்போதும் வெயிலே விழாது என்று எழுதியிருப்பார்கள். ஐரோப்பாவுக்கு அது பெரும்பாலும் சரி. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். தெற்கே போகப்போக இந்த நாட்கள் இன்னும் நீளும். ஆகவே நம் ஊரில் எந்தத் திசை ஜன்னலாக இருந்தாலும் வேட்டியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். செல்போனில் எடுப்பவர்களுக்கும் ஜன்னல்தான் சுலபமான வழி. இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்தி, ஐந்தாறு அடி தள்ளி நின்று எடுங்கள். பக்கத்தில் போய் எடுத்தால் மூக்கு பெரிதாகி, காதுகள் பின்வாங்கிவிடும்.

அறை

நம் வீட்டு அறைகள் சின்னவை. சுவர்களுக்கு வெளிர்பச்சை, ரோஸ், ஊதா என்று விதவிதமாக வண்ணம் அடித்திருப்போம். ஃபிளாஷ் அடித்ததும் அந்த வண்ணம் சுவரில் பட்டுத் திரும்பி முகத்தின் நிழல் பக்கத்தில் ஏறும். எங்கள் வீட்டுப் பச்சைச் சுவரால் அப்பாவின் காதோரமெல்லாம் பச்சையாக வந்தது. கேமராவில் ஏதோ கோளாறு என்று நினைத்து ஒரு மாலை முழுக்க அமைப்புகளை மாற்றிக்கொண்டிருந்தேன். தீர்வு மிகச் சாதாரணமானது: நிழல் விழும் பக்கத்தில், நாற்காலியின் முதுகிலோ கொடியிலோ கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். பச்சை போய்விடும்.

மின்விசிறியைக் கவனியுங்கள். ஸ்டாண்டை உயர்த்தும்போது சாஃப்ட்பாக்ஸின் மேல் ஓரம் ஏழடிக்கு மேல் போய்விடும். சீலிங் ஃபேன் இறக்கைக்கும் அதற்கும் இடையே ஒரு சாண்கூட இருக்காது. ஃபேனை நிறுத்துங்கள். வீட்டில் யாராவது "ஏன் புழுங்குது?" என்று சொல்லிக்கொண்டே வந்து போட்டுவிடுவார்கள், அதனால் ஸ்விட்சின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். காற்றுக்கு மேசை விசிறியைக் கீழே, சாஃப்ட்பாக்ஸ் மேல் காற்று அடிக்காத பக்கமாக வையுங்கள். ஸ்டாண்டின் காலில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றைக் கட்டாயம் கட்டுங்கள். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் விளக்கு சாய்வது விளையாட்டு இல்லை.

டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள்.

பின்புலத்துக்குத் தனியாகத் துணி வாங்க வேண்டியதில்லை. வெள்ளைச் சுவரே போதும். விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியாகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. முகம் விளக்கிலிருந்து மூன்றடியிலும், சுவர் ஒன்பதடியிலும் இருந்தால் வெள்ளைச் சுவர் படத்தில் கரும்சாம்பலாக வரும். இடம் இல்லை என்றால் துணிக்கடையில் காடாத் துணி மீட்டர் கணக்கில் வாங்கி, சாம்பலோ காப்பிப்பொடி நிறமோ சாயம் ஏற்றிக்கொள்ளலாம். இஸ்திரி போட்டுக் கட்டுங்கள், மடிப்புக்கோடு அப்படியே படத்தில் விழும்.

முதலில் பானை

நான் செய்த பெரிய தவறு, அப்பாவை உட்காரவைத்துக்கொண்டே விளக்கைப் பழகியது. இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு எடுத்த எல்லாப் படங்களிலும் களைத்துப்போன முகம்தான் இருக்கிறது.

இப்போதெல்லாம் அவரைக் கூப்பிடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் முடித்துவிடுகிறேன். முக்காலியில் இரண்டு தலையணை, அதன்மேல் ஒரு மண்பானை, அவருடைய முகம் வரும் உயரத்தில். பானை உருண்டை. நிறம் நம் தோலுக்குப் பக்கம். பளபளப்பு கிடையாது. வெளிச்சம் எங்கே தொடங்கி எங்கே நிழலாக மாறுகிறது என்பதை அதைப்போல வேறு எதுவும் காட்டாது. பக்கத்தில் ஒரு எவர்சில்வர் சொம்பும் வையுங்கள். அறையில் உள்ள ஒவ்வொரு விளக்கும் ஜன்னலும் அதில் தெரியும். கண்ணின் கருவிழியிலும் ஏறக்குறைய அவையேதான் தெரியப் போகின்றன. அணைக்க மறந்த விளக்கு, திறந்து கிடக்கும் கதவு எல்லாம் சொம்பில் பிடிபட்டுவிடும்.

கேமராவை மேனுவலில், அதாவது எல்லா அளவையும் நாமே வைக்கும் நிலையில், வையுங்கள். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 100. ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 1/160 நொடி. அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எண் குறைந்தால் திறப்பு பெரிது, தெளிவாக விழும் ஆழம் குறைவு) எஃப் 5.6. ஃபிளாஷ் அடிக்கும்போது பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250க்கு மேல் போனால் படத்தின் ஒரு பகுதி கறுப்புப் பட்டையாக வரும், அதனால்தான் 1/160. எஃப் 5.6 எதற்கென்றால், முகம் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் இரண்டு கண்களும் தெளிவாக இருக்க வேண்டும். எஃப் 1.8இல் எடுத்து ஒரு கண் மட்டும் தெளிவாக இருப்பது சினிமாப் படங்களில் அழகு, வீட்டுச் சுவரில் அவ்வளவாக எடுபடாது. லென்ஸ் 85 மில்லிமீட்டர், அல்லது சின்ன சென்சார் கேமரா என்றால் 50.

இப்போது ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். முழுக்கக் கறுப்பாக வர வேண்டும். அப்படி வந்தால் இனிமேல் படத்தில் தெரியும் ஒவ்வொரு துளி வெளிச்சமும் நீங்கள் வைத்தது. அதற்குப் பிறகு ஃபிளாஷை 1/8 சக்தியில் வைத்து ஒன்று எடுங்கள். அதிகமாக இருந்தால் 1/16, போதாவிட்டால் 1/4. ஷட்டரைத் தொடாதீர்கள். இருட்டறையில் ஷட்டர் வேகத்தால் ஃபிளாஷ் வெளிச்சம் கூடவோ குறையவோ செய்யாது. ஒயிட் பேலன்ஸ் என்ற நிற அமைப்புக்குக் கேமராவில் உள்ள ஃபிளாஷ் குறியையோ 5500 கெல்வினையோ வைத்துவிடுங்கள், ஆட்டோ வேண்டாம். படங்களை ரா ஃபைலாகவே (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள்.

விளக்கை வைக்கும் இடம்

நேரமெடுத்து, பொறுமையாகச் செய்ய வேண்டியது இந்த ஒன்றுதான்.

கேமராவுக்கும் முகத்துக்கும் இடையே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டிலிருந்து 45 டிகிரி பக்கவாட்டில், கண்ணுக்கு மேலே ஓரடி ஒன்றரை அடி உயரத்தில் சாஃப்ட்பாக்ஸின் நடுப்பகுதி வரட்டும். கொஞ்சம் கீழே பார்த்துச் சாய்த்துவிடுங்கள். இது தொடங்கும் இடம் மட்டுமே. முடியும் இடத்தை மூக்கின் நிழல் சொல்லும்.

ஃபிளாஷ் ஒரு கண் சிமிட்டல் என்பதால் நிழல் எங்கே விழுகிறது என்று முன்கூட்டியே பார்க்க முடியாது. அதனால் தம்பியையோ தங்கையையோ கூப்பிட்டு, செல்போன் டார்ச்சை சாஃப்ட்பாக்ஸின் நடுவில் பிடிக்கச் சொல்லுங்கள். மூக்கின் நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் என்று உடனே தெரியும். அது வாயின் ஓரத்தை நோக்கிச் சாய்ந்து, உதட்டைத் தொடாமல் நின்றால் சரி. உதட்டின் மேல் விழுந்தால் விளக்கு மிகவும் உயரத்தில் இருக்கிறது. கன்னத்தில் படுத்துக்கொண்டால் விளக்கு தாழ்ந்துவிட்டது, அல்லது பக்கவாட்டில் போய்விட்டது.

விளக்கை இன்னும் கொஞ்சம் பக்கமாக நகர்த்தினால் மூக்கின் நிழலும் கன்னத்தின் நிழலும் ஒட்டிக்கொள்ளும். நிழல் பக்கத்துக் கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன முக்கோணம் மட்டும் வெளிச்சமாக நிற்கும். நெதர்லாந்து ஓவியர் ரெம்பிராண்டின் (1606–1669) முகச் சித்திரங்களில் இது அடிக்கடி வருவதால் அவர் பெயரையே இதற்கு வைத்துவிட்டார்கள். வயதான ஆண்களின் முகத்துக்கு இது மிக நன்றாகப் பொருந்தும். ஆனால் அந்த முக்கோணத்தைப் பிடிப்பதிலேயே குறியாக இருந்து, கண்ணை இருட்டில் விட்டுவிடாதீர்கள். வயதாக ஆகக் கண்கள் குழிக்குள் போயிருக்கும். புத்தகம் சொல்லும் உயரத்தில் விளக்கை வைத்தால் புருவத்தின் நிழல் கண்ணை மூடிவிடும். இரண்டு கண்ணிலும் வெளிச்சப் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் விளக்கை இரண்டு விரற்கடை, மூன்று விரற்கடை என்று இறக்குங்கள். புள்ளி வந்ததும் முகத்துக்கு உயிர் வந்துவிடும், நீங்களே உணர்வீர்கள்.

முகத்தை விளக்கு இருக்கும் பக்கம் கொஞ்சம் திருப்பச் சொன்னால், கேமராவுக்கு அருகில் இருக்கும் கன்னம் நிழலில் போகும். அகன்ற முகம் கொஞ்சம் ஒடுங்கித் தெரியும். முகத்தின் எலும்பும் வடிவமும் எழுந்து வரும். எதிர்ப்பக்கம் திருப்பினால் கேமராவுக்கு அருகில் இருக்கும் கன்னம் முழுக்க வெளிச்சமாகி முகம் அகலமாகத் தெரியும். மெலிந்து, கன்னம் ஒட்டிய பாட்டிக்கு இரண்டாவது நல்லது. எங்கள் அப்பாவுக்கு முதலாவது.

சுருக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை. விளக்கு பக்கவாட்டில் போகப்போக ஒவ்வொரு சுருக்கமும் எழுந்து நிற்கும். முன்னால் வரவர அடங்கும். எவ்வளவு வேண்டும் என்பதை விளக்கை நகர்த்தி முடிவு செய்யுங்கள். பின்னால் கம்ப்யூட்டரில் தேய்த்து அழிக்காதீர்கள். அப்பா சிரிக்கும்போது கண்ணோரம் விரியும் மூன்று கோடுகள் இல்லாவிட்டால் அது வேறு யாரோ.

கருத்த முகம், வெள்ளைச் சட்டை

நம் ஊரில் படம் எடுக்கிறவர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் இது. முகம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று வெளிச்சத்தைக் கூட்டினால் சட்டை வெளுத்துப்போய் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். சட்டையைக் காப்பாற்றக் குறைத்தால் முகம் இருட்டிவிடும். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் வழி, இரண்டு பக்கமும் விளக்கு வைத்து எல்லாவற்றையும் பிரகாசமாக்கி, பிறகு தோலை வெளுக்கவைப்பது. தாத்தாவின் படத்துக்கு நேர்ந்ததும் அதுதான்.

கருத்த தோலின் அழகு அதன் மினுக்கத்தில் இருக்கிறது. வெளிர்ந்த தோலில் முகத்தின் வடிவத்தை நிழல் காட்டும். கருத்த தோலில் கன்ன எலும்பு, நெற்றி, மூக்குத்தண்டு ஆகியவற்றில் ஓடும் வெளிச்சக் கோடுதான் அதிகம் காட்டும். விளக்கு சின்னதாக இருந்தால் அந்த மினுக்கம் வியர்வைத் துளிபோலப் புள்ளி புள்ளியாக வரும். பெரிதாக, பக்கத்தில் இருந்தால் அகலமாக, இதமாகப் படரும். அதனால் வெளிச்சத்தின் அளவைக் கூட்டுவதற்கு முன் விளக்கின் பரப்பைக் கூட்டுங்கள், அல்லது இன்னும் அரையடி நெருங்குங்கள்.

சட்டைக்கு மூன்று வழி இருக்கிறது, நான் மூன்றையும் சேர்த்தே செய்கிறேன். உடம்பை விளக்கிலிருந்து கொஞ்சம் விலக்கித் திருப்பி, முகத்தை மட்டும் விளக்கின் பக்கம் திருப்பச் சொல்வது முதல் வழி. சட்டையின் மேல் வெளிச்சம் சாய்வாக விழும்போது துணியின் மடிப்புகள் தெரியும். இரண்டாவது, விளக்கை உயர்த்தி முகத்துக்கு மிக அருகில் கொண்டுவருவது. விளக்கு முகத்திலிருந்து மூன்றடி, மார்பிலிருந்து நான்கடி என்றால் மார்பின் மேல் விழும் வெளிச்சம் முகத்தில் விழுவதில் பாதிக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அதே விளக்கு முகத்திலிருந்து ஒன்பதடியிலும் மார்பிலிருந்து பத்தடியிலும் இருந்தால் ஐந்தில் நான்கு பங்கு விழும். பக்கத்தில் கொண்டுவாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, மறைப்பு. கறுப்புச் சார்ட்டை சாஃப்ட்பாக்ஸின் கீழ் ஓரத்துக்கு முன்னால் கிளிப் போட்டு நிறுத்தினால் சட்டைக்குப் போகும் வெளிச்சத்தில் ஒரு பகுதி தடைப்படும். சினிமாப் படப்பிடிப்பில் இதைக் கட்டர் என்பார்கள். விளக்கிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் மறைப்பின் ஓரம் தெளிவாக விழும், ஒட்டிப் பிடித்தால் கரைந்துபோகும். நமக்குக் கரைந்துபோவதுதான் வேண்டும்.

எடுத்த படத்தைப் பார்க்கும்போது, மிஞ்சிய வெள்ளை மின்னிக் காட்டும் வசதியைக் கேமராவில் போட்டு வையுங்கள். சட்டையில் காலர் ஓரம் மட்டும் மின்னினால் பரவாயில்லை. மார்பு முழுக்க மின்னினால் சக்தியை ஒரு படி குறையுங்கள். முகம் சரியான நிறத்தில் இருக்கிறதா என்பதைக் கேமரா திரையை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம். திரையின் பிரகாசம் நடுவில் இருக்கட்டும். அவர் பகலில் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது எப்படி இருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். அந்த முகத்தோடு ஒப்பிடுங்கள்.

பட்டுப்புடவை கட்டும் அம்மாவுக்கும் இதே கணக்குதான், இடம்தான் வேறு. சரிகை நேர் வெளிச்சத்தில் பளீரென்று அடிக்கும். உடம்பை விலக்கித் திருப்பினால் அடங்கி, பொன்னிறத்தில் வரும். மூக்குத்தி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து விளக்கை வையுங்கள். நிழல் பக்கத்தில் மூக்குத்தி காணாமல் போனால், படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அம்மாவுக்கு மனசு ஒப்பாது, நமக்கும்தான்.

பவுடர், விபூதி, கண்ணாடி

போட்டோ என்றாலே முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொள்வது நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். ஃபிளாஷில் அது சாம்பல் பூசியதுபோல வரும். உட்கார்ந்த பிறகு துடைக்கச் சொன்னால் சங்கடப்படுவார்கள். முதல்நாளே, "அப்பா, நாளைக்குப் பவுடர் வேண்டாம்ப்பா, சாதாரணமா மூஞ்சி கழுவிட்டு வந்தா போதும்" என்று சொல்லிவிடுங்கள். வியர்த்தால் பழைய பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

விபூதி தூள் என்பதால் வெளிச்சத்தை வாரி எல்லாப் பக்கமும் இறைக்கும். தோல் சரியாக வரும் அளவில் விபூதி வெறும் வெள்ளைப் பட்டையாகிவிடும். அழிக்கச் சொல்லாதீர்கள், அது அவருடைய முகத்தின் பகுதி. தண்ணீரில் குழைத்துப் பூசியதைக் காயவிட்டு, மெல்ல ஒருமுறை ஊதிவிட்டால் மேலே நிற்கும் தூள் போய், கோடுகள் மட்டும் அமைதியாக நிற்கும்.

கண்ணாடியைக் கழற்றச் சொல்வதும் வேண்டாம். இருபது முப்பது வருடம் கண்ணாடியோடு பார்த்த முகம், அது இல்லாமல் வெறிச்சென்று இருக்கும். மூக்கில் கண்ணாடி அழுத்திய தடம் வேறு தெரியும். வெளிச்சம் எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பும், இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். விளக்கைச் சற்று உயர்த்துங்கள், அல்லது இன்னும் பக்கவாட்டில் நகர்த்துங்கள். தாடையை ஒரு விரற்கடை இறக்கச் சொல்லுங்கள். அப்போதும் கண்ணாடியில் வெள்ளைச் சதுரம் தெரிந்தால், காதுக்குப் பின்னால் இருக்கும் கம்பியைக் கொஞ்சம் மேலே தூக்கி வையுங்கள். கண்ணாடி கீழ்நோக்கிச் சாயும், பிரதிபலிப்பு கீழே போய்விடும். படத்தில் கம்பி தூக்கியிருப்பது தெரியாது. இதையும் செல்போன் டார்ச்சை வைத்தே பார்த்துவிடலாம்.

நிழல் பக்கம்

ஒற்றை விளக்கில் எதிர்ப்பக்கம் இருட்டாகத்தான் இருக்கும். வெள்ளைத் தெர்மோகோலை அந்தப் பக்கம், முகத்திலிருந்து இரண்டடியில் நிறுத்தினால் வெளிச்சம் திரும்பி நிழலைக் கொஞ்சம் தூக்கிவிடும். முன்னே பின்னே நகர்த்தி அளவு பாருங்கள். சினிமாக்காரர்கள் இன்றும் தெர்மோகோலை விடவில்லை. வெள்ளைச் சுவர் உள்ள சின்ன அறையில் தெர்மோகோலே தேவைப்படாது. அங்கே சுவரிலிருந்து திரும்பும் வெளிச்சமே அதிகமாகிவிடும், கறுப்புத் துணியைத்தான் நிறுத்த வேண்டியிருக்கும். கறுப்புத் தலைமுடி கரும் பின்புலத்தில் கலந்துபோகிறதா என்றும் பாருங்கள். கலந்தால் அவரையும் விளக்கையும் சேர்த்துச் சுவரின் பக்கம் ஓரடி நகர்த்துங்கள், சுவர் கொஞ்சம் வெளுக்கும். இரண்டாவது விளக்கைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். ஒன்றை வைத்து நூறு படம் எடுத்த பிறகு, அது தேவையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அவரை உட்காரவைத்த பிறகு

பானையை எடுத்துவிட்டு அவரைக் கூப்பிடுங்கள். கால் தரையில் ஊன்றும் உயரத்தில் இருக்கை இருக்கட்டும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு முதுகு சாய நாற்காலி கொடுங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

நம் பெரியவர்களுக்குக் கேமரா என்றாலே இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, மூச்சைப் பிடித்து நிமிர்ந்து உட்காரத்தான் தெரியும். அந்தக் காலத்து ஸ்டுடியோவில் அப்படித்தான் பழக்கினார்கள். முதலில் அப்படியே பத்துப் படம் எடுத்துவிடுங்கள். அதுவும் அவர்தான், அந்த நிமிர்விலும் ஒரு அழகு இருக்கிறது. "சிரிங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதற்கு வரும் சிரிப்பு வாயோடு நின்றுவிடும்.

அப்புறம் பேச்சுக் கொடுங்கள். அப்பாவிடம் நான் கேட்டது சைக்கிளைப் பற்றி. "நீங்க முதல் சைக்கிள் வாங்கினது கல்யாணத்துக்கு அப்புறம்தானேப்பா?"

"யாரு சொன்னா? உங்கம்மாவைப் பொண்ணு பாக்கப் போனதே அந்தச் சைக்கிள்லதான்."

தெரிந்தே கொஞ்சம் தப்பாகக் கேட்க வேண்டும். திருத்துவதற்கு அவர் முன்னால் சாய்வார். கை முழங்காலிலிருந்து எழும். கண் நேராக உங்களைப் பார்க்கும். அப்போது அழுத்துங்கள். ஃபோகஸ் கேமராவுக்கு அருகில் இருக்கும் கண்ணில் இருக்கட்டும். உங்கள் முகத்தைக் கேமராவுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ளாமல் முக்காலி ஸ்டாண்டில் கேமராவை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பேசினால் இன்னும் நல்லது. சாஃப்ட்பாக்ஸ் பக்கம் நின்று பேசுங்கள், முகம் தானாக விளக்கின் பக்கம் திரும்பும்.

அச்சு

செல்போனிலேயே கிடக்கும் படம் ஒரு நாள் செல்போனோடு போய்விடும். ஒன்றையாவது 8×12 அங்குல அளவில் அச்சுப்போடுங்கள். அதற்கு 2400×3600 பிக்சல் இருந்தாலே அச்சு துல்லியமாக வரும். கடையில் கொடுக்கும்போது, "கரெக்ஷன் எதுவும் பண்ணாதீங்க, ஃபைல் எப்படி இருக்கோ அப்படியே போடுங்க" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மெஷினோ, மெஷினில் உட்கார்ந்திருப்பவரோ நல்லெண்ணத்தில் முகத்தை வெளுக்கவைத்துவிடுவார்கள். முதலில் 4×6இல் ஒன்று போட்டுப் பார்த்து, வாசல் வெளிச்சத்தில் அவர் பக்கத்திலேயே பிடித்து ஒப்பிட்டுவிட்டுப் பெரியது போடலாம். பளபளப்புத் தாளைவிட மேட் தாள் நல்லது, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒட்டிக்கொள்ளாது.

சட்டம் போடுவதற்கு முன் பின்பக்கத்தில் அவர் பெயர், ஊர், எடுத்த தேதி மூன்றையும் எழுதுங்கள். அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும், மெல்ல எழுதுங்கள். மை காய்ந்த பிறகே சட்டத்துக்குக் கொடுங்கள்.

அப்பாவின் படத்துக்குப் பின்னால் அவரையே எழுதச் சொன்னேன். பெயரும் தேதியும் எழுதிவிட்டு, கீழே அந்தச் சைக்கிளின் விலையையும் எழுதி வைத்திருக்கிறார்.